கட்டாயக் கல்விக்கு வித்திட்ட கோகலே

இந்திய நாட்டில் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் அனைவரும் கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமை உடையவர் என்பது இன்று நம் அரசியலமைப்பில் பொறிக்கப்பட்டுள்ள சட்டமாகும். இவ்வுரிமை ஒரு நாளில் வந்து வாய்த்ததன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே, அயலார் ஆட்சியின்கீழ் நாடு கட்டுண்டு கிடந்த காலத்தில், இதற்கென ஒரு சட்ட முன்வரைவினை ஆக்கி, ஆட்சியாளர் அவையிலே தனித்து நின்று வாதாடித் தோற்ற பெரியார் ஒருவர் உண்டு. அவரே கோபாலகிருஷ்ண கோகலே ஆவார். வெற்றி பெற்றோர் வரலாற்றை உலகம் எளிதில் நினைவிற்கொள்ளும். ஆயினும், தோல்வியும் நாட்டுக்குத் தொண்டாகலாம் என்பதனைக் கோகலேயின் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.

இளமையும் கல்வியும்

மராட்டிய நாட்டின் கடற்கரைப் பகுதியாகிய கொங்கணத்தில், இரத்தினகிரி மாவட்டத்தைச் சார்ந்த கோட்லுக் என்னும் சிற்றூரில், 1866ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் கோகலே பிறந்தார். அவர்தம் தந்தையார் கிருஷ்ணராவ் என்பவர். அவர் காகல் என்னும் சிற்றரசில் சிறு பதவியொன்றை ஏற்று வாழ்ந்தார். செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. எனினும், பிள்ளைகளுக்குக் கல்வியே சிறந்த சொத்து என்று கருதிய குடும்பம்.

1879ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அப்பொழுது கோகலேக்கு வயது 13. குடும்பச் சுமை முழுதும் மூத்தவராகிய கோவிந்தராவின் தோள்மேல் விழுந்தது. அவர் தம் படிப்பை விடுத்து, மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் வேலைக்கு அமர்ந்தார். அவ்வூதியத்திலிருந்து 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கென மாதந்தோறும் அனுப்பி வந்தார். எஞ்சிய 7 ரூபாயில் ஒரு குடும்பமே காலந்தள்ளியது. அண்ணன் தன் வயிற்றைக் கட்டி அனுப்பிய பணம் என்பதைத் தம்பியும் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலால், ஒரு காசையும் வீணாக்காமல் சிக்கனமாக வாழ்ந்து கற்றார். கோலாப்பூர், பூனா, பம்பாய் ஆகிய நகரங்களின் கல்லூரிகளில் பயின்று, 1884ஆம் ஆண்டில், தமது 18ஆம் வயதில், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியினின்றும் பட்டம் பெற்று வெளிவந்தார்.

ஒருவர் கற்பதற்கு மற்றொருவர் தம் கல்வியைத் துறக்க வேண்டியிருந்த நிலைமை கோகலேயின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஏழை ஒருவன் கல்வி பெறுவது அவன் குடும்பத்தாரின் தியாகத்தை மட்டும் பொறுத்ததாக இருத்தல் கூடாது; அது நாட்டின் கடமையாதல் வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் உழைத்தமைக்கு அவ்விளமைப் பட்டறிவும் ஒரு காரணம் எனலாம்.

ஆசிரியப் பணி

அக்காலத்தில் பட்டம் பெற்ற இளைஞர்க்கு அரசாங்கப் பதவியும் வழக்கறிஞர் தொழிலும் பெரும்பொருள் தருவனவாக இருந்தன. கோகலே அவற்றை நாடவில்லை. பூனா நகரில் நாட்டுப்பற்று மிக்க இளைஞர் சிலர் தக்காணக் கல்விக் கழகம் என்னும் அமைப்பை 1884ஆம் ஆண்டில் நிறுவியிருந்தனர். அக்கழகம் 1885ஆம் ஆண்டில் பெர்குசன் கல்லூரியைத் தொடங்கியது. இக்கழகத்தின் ஆயுள் உறுப்பினராக விளங்குவோர், மாதம் 75 ரூபாயே ஊதியமாகப் பெற்று 20 ஆண்டுக் காலம் உழைப்பதாக உறுதிகூற வேண்டும். இளைஞராகிய கோகலே அவ்வுறுதியை மகிழ்வுடன் ஏற்றார்.

ஆங்கிலம், கணிதம், வரலாறு, பொருளியல் எனப் பல பாடங்களை அவர் கற்பித்தார். அவர் எழுதிய கணித நூல் பல பள்ளிகளில் பாடநூலாகப் பயின்று வந்தது. விடுமுறை நாட்களிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று கல்லூரிக்கு நன்கொடை திரட்டினார். இவ்வாறு ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆசிரியராக விளங்கி, 1902ஆம் ஆண்டில் கல்லூரிப் பணியினின்றும் விலகினார்.

இரானடேயின் மாணவர்

கோகலேயின் பொதுவாழ்வுக்கு ஆசானாக வாய்த்தவர் நீதிபதி மகாதேவ கோவிந்த இரானடே ஆவார். சட்டம், பொருளியல், வரலாறு ஆகிய துறைகளில் ஆழ்ந்த புலமை படைத்த அப்பெரியாரிடம் கோகலே பல ஆண்டுகள் பயிற்சி பெற்றார். அரசாங்க அறிக்கைகளைத் தேடிப் படித்தல், எண்களைச் சரிபார்த்தல், செய்தியை ஆராயாது எழுதாதிருத்தல் ஆகிய பழக்கங்கள் அங்கே கைவந்தன. பூனா சர்வஜனிக சபையின் செயலாளராகவும் அதன் காலாண்டு இதழின் ஆசிரியராகவும் கோகலே பணியாற்றினார்.

1897ஆம் ஆண்டில், இந்திய நிதிநிலையை ஆராய அமைக்கப்பெற்ற வெல்பி குழுவின்முன் சான்று கூறுவதற்காக அவர் இங்கிலாந்து சென்றார். அப்பொழுது பூனாவில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய்த் தடுப்பு வேலையில் ஈடுபட்ட படைவீரர் மக்களுக்கு இழைத்த கொடுமைகளைப் பற்றி நண்பர்கள் எழுதியவற்றை, அவர் அங்குள்ள செய்தித்தாளுக்குத் தெரிவித்தார். தாயகம் திரும்பிய பின்னர், அச்செய்திகளை மெய்ப்பிக்கச் சான்று தருவார் எவருமில்லை. நண்பர்களின் பெயரை வெளியிட்டால் அவர்கள் துன்புறுவர். ஆகவே, பழி முழுவதையும் தாமே ஏற்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நாட்டார் பலர் அவரை இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியைப் பொறுமையுடன் தாங்கினார். அதன்பின், அசைக்கவொண்ணாத சான்று கையிலில்லாமல் எந்த அவையிலும் அவர் வாய் திறந்ததில்லை.

சட்டமன்றத்தில்

1899ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்திற்கும், பின்னர் நாடு முழுமைக்கும் உரிய பேரரசுச் சட்டமன்றத்திற்கும் கோகலே தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1902ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26ஆம் நாள் அவர் நிகழ்த்திய முதல் வரவு செலவுத் திட்ட உரை நாடெங்கும் புகழ் பெற்றது. ஆண்டுதோறும் அரசாங்கத்தார்க்கு மிச்சம் விழுகின்றது; அதனைக் கொண்டு நாடு செழித்திருப்பதாக அவர்கள் பெருமை பேசினர். அம்மிச்சம் செழிப்பின் அடையாளம் அன்று, ஏழை மக்கள்மேல் அளவுக்கு மீறி வரி விதித்ததன் விளைவே என்று கோகலே எண்களைக்கொண்டு நிறுவினார். ஏழையின் உணவில் விழுந்த உப்பு வரியை அவர் இடைவிடாது எதிர்த்தார். மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்த அவ்வரி 1903ஆம் ஆண்டு முதல் படிப்படியாகக் குறைந்து, 1907ஆம் ஆண்டில் ஒரு ரூபாய் ஆயிற்று.

பூனா நகராண்மைக் கழகத்தின் தலைவராகவும் கோகலே பணிபுரிந்தார். தெரு, குடிநீர், துப்புரவு, பள்ளிக்கூடம் ஆகிய அன்றாடத் தேவைகளை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு தல ஆட்சி மன்றங்களுக்கு இருந்தும், அதற்கேற்ற பொருள் அவற்றின் கையில் இல்லை என்பதை அவர் நேரிற் கண்டார். ஆதலால், அரசாங்கத்தின் மிச்சப் பணத்தைத் தல ஆட்சி மன்றங்களுக்கு அளித்து, கல்விக்கும் நலவாழ்வுக்கும் செலவிடச் செய்தல் வேண்டும் என்று சட்டமன்றத்தில் வற்புறுத்தினார்.

1905ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள் இந்திய ஊழியர் சங்கத்தை அவர் பூனாவில் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே காசியில் கூடிய காங்கிரசு மகாசபைக்குத் தலைமை வகித்தார். தமிழ்நாட்டில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கிய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார், அப்பதவியைத் துறந்து 1907ஆம் ஆண்டில் இச்சங்கத்திற் சேர்ந்தார். கோகலேக்குப் பின்னர்ச் சங்கத்தின் தலைமையும் அவருக்கே வந்தது.

நாட்டின் கல்வி நிலை

1882ஆம் ஆண்டில் ரிப்பன் பெருமகனார் தல சுய ஆட்சிக்கு வழிவகுக்கும் தீர்மானத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, தொடக்கக் கல்வியை நகராண்மைக் கழகங்களிடமும் மாவட்டக் கழகங்களிடமும் ஒப்படைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அக்குழுவின்முன் மகாத்மா ஜோதிராவ் புலே, தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். ஆயினும், கட்டாயம் என்னும் சொல்லை அரசாங்கம் ஏற்கவில்லை. பள்ளி நடத்தும் பொறுப்பு மட்டும் தல ஆட்சி மன்றங்களுக்கு வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச் செய்யும் அதிகாரமோ, போதிய பொருளோ வரவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை எவ்வாறிருந்தது? ஐந்து சிற்றூர்களில் நான்கிற்குப் பள்ளிக்கூடமே இல்லை. சிறுவர் நால்வருள் மூவர் கல்வியின்றியே வளர்கின்றனர். சிறுமியர் நாற்பதின்மரில் ஒருத்தியே பள்ளிக்குச் செல்கின்றாள் என்று அரசாங்கமே 1904ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் ஒப்புக்கொண்டது. 1901ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, எழுதப் படிக்கத் தெரிந்தோர் இருபதின்மரில் ஒருவரே ஆவர். அதே காலத்தில், பரோடா சமஸ்தானத்தை ஆண்ட மன்னர் சயாஜிராவ், தம் நாட்டின் ஒரு பகுதியில் 1893ஆம் ஆண்டு கட்டாயக் கல்வியைத் தொடங்கி, 1906ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் அதனை விரித்திருந்தார். இந்திய மன்னர் ஒருவர் செய்யக்கூடியதை இந்தியாவை ஆளும் பேரரசு ஏன் செய்தல் இயலாது என்பதே கோகலேயின் உள்ளத்தில் எழுந்த வினா.

கோகலேயின் சட்ட முன்வரைவு

1910ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கும் பணியைத் தொடங்குதல் வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கோகலே சட்டமன்றத்திற் கொணர்ந்தார். இதனை ஆராய்வதாக அரசாங்கத்தார் உறுதி கூறவே, அவர் அதனைத் திரும்பப் பெற்றார். அவ்வாண்டிலேயே கல்விக்கெனத் தனித்துறை ஒன்று அமைந்தது. ஆனால் கட்டாயக் கல்விக்கான சட்டம் வரவில்லை. எனவே, 1911ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள், கோகலே தாமே ஒரு சட்ட முன்வரைவினை அவையில் வைத்தார்.

அம்முன்வரைவு மிகுந்த எச்சரிக்கையோடு ஆக்கப்பட்டது. நாடு முழுவதும் ஒரே நாளில் கட்டாயக் கல்வி வரவேண்டும் என்று அது கூறவில்லை. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டிலும் 1876ஆம் ஆண்டிலும், அயர்லாந்தில் 1892ஆம் ஆண்டிலும் இயற்றப்பெற்ற கல்விச் சட்டங்களை அடியொற்றி, தல ஆட்சி மன்றங்களுக்கு ஓர் அதிகாரத்தை மட்டுமே அது அளித்தது. விரும்பிய நகராண்மைக் கழகமோ மாவட்டக் கழகமோ, மாகாண அரசாங்கத்தின் இசைவு பெற்று, தன் எல்லைக்குள் 6 வயது முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்க்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். அதற்கு முன்பே அவ்வெல்லையிலுள்ள பிள்ளைகளில் ஒரு குறித்த பகுதியினர் பள்ளிக்குச் சென்றுகொண்டிருத்தல் வேண்டும். ஒரு மைலுக்குள் பள்ளிக்கூடம் இல்லாதவர்க்கும், நோயுற்றவர்க்கும், உழவுக் காலத்தில் இன்றியமையாத வேலையுடையவர்க்கும் விலக்கு உண்டு. மாதம் 10 ரூபாய்க்குக் குறைந்த வருவாயுடைய பெற்றோரிடம் கட்டணம் பெறலாகாது. தல ஆட்சி மன்றம் கல்வி வரி விதித்துக்கொள்ளலாம். செலவில் மூன்றில் இரு பங்கை அரசாங்கமும் ஒரு பங்கைத் தல ஆட்சி மன்றமும் ஏற்கலாம் என்பது கோகலேயின் கருத்து.

சிறுமியர்க்குக் கட்டாயத்தைப் பின்னர் விரிக்கலாம் என்று மட்டுமே முன்வரைவு இடம் வைத்தது. இஃது ஒரு குறையே. எதிர்ப்பாளர்க்கு இயன்றவரை இடங்கொடாமல், ஒரு சிறு கதவையேனும் திறந்துவிட வேண்டும். திறந்த கதவு பின்னர்த் தானே அகலும் என்று கோகலே எண்ணினார்.

எதிர்ப்பும் தோல்வியும்

முன்வரைவு மக்கள் கருத்தறிய நாடெங்கும் அனுப்பப்பெற்றது. ஓராண்டுக்குப் பின், 1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18, 19 ஆகிய இரு நாட்களில் அவையில் சொற்போர் நிகழ்ந்தது. கல்வித் துறைக்குப் பொறுப்பாளராகிய ஹார்கோர்ட் பட்லர் அரசாங்கத்தின் சார்பில் அதனை எதிர்த்தார். கட்டாயம் என்பதை மக்கள் விரும்பவில்லை; மாகாண அரசாங்கங்கள் ஒப்பவில்லை; முதலில் பள்ளிகளைப் பெருக்குவதே முறை என்பன அரசாங்கத்தார் கூறிய காரணங்கள். நிலக்கிழார் சிலர், சிறுவர் பள்ளிக்குச் சென்றால் வயல் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகும் என்று அஞ்சினர். வேறு சிலர் புதிய கல்வி வரியை வெறுத்தனர். மதன்மோகன மாளவியாவும் முகம்மது அலி ஜின்னாவும் முன்வரைவை ஆதரித்துப் பேசினர்.

எதிர்ப்புக் காரணம் ஒவ்வொன்றையும் எடுத்து, அதற்குரிய விடையைப் பிற நாடுகளின் வரலாற்றிலிருந்தும் அரசாங்க அறிக்கைகளிலிருந்தும் கோகலே காட்டினார். மக்கள் தாமாகவே விரும்பும்வரை காத்திருந்த நாடு எதுவும் கல்வியில் முன்னேறியதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயினும், அந்த அவையில் அரசாங்க அலுவலரே பெரும்பான்மையினர். வாக்கெடுப்பின் முடிவு முன்னரே தெரிந்ததுதான். முன்வரைவை ஆய்வுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானத்திற்கு 13 பேர் ஆதரவாகவும் 38 பேர் எதிராகவும் வாக்களித்தனர். முன்வரைவு வீழ்ந்தது.

தோல்வி வருமென்று அறிந்தே கோகலே அவைக்கு வந்திருந்தார். அவர் சினங்கொள்ளவில்லை, எவரையும் இழித்துரைக்கவும் இல்லை. தம் தலைமுறையினர் தோல்விகளின் வாயிலாகவே நாட்டுக்குத் தொண்டு செய்ய வேண்டியிருக்கும்; வெற்றியின் வாயிலாகத் தொண்டு செய்வோர் பின்னர் வருவர் என்பது அவர் கொண்டிருந்த உறுதி.

இறுதி நாட்கள்

அதே ஆண்டில் கோகலே தென்னாப்பிரிக்கா சென்று, அங்கு வாழ்ந்த இந்தியரின் துன்பங்களை நேரிற் கண்டு, அவற்றைப் போக்குமாறு அந்நாட்டு அமைச்சர்களுடன் வாதாடினார். அங்குச் சத்தியாக்கிரகப் போர் நடத்திக்கொண்டிருந்த காந்தியடிகள் கோகலேயைத் தம் அரசியல் ஆசானாகப் போற்றினார். 1914ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அளிக்க முன்வந்த உயர் விருதைக் கோகலே ஏற்க மறுத்தார். நீரிழிவு நோயும் ஓயாத உழைப்பும் அவர் உடலை நலித்தன. 1915ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19ஆம் நாள், தமது 48ஆம் வயதில், பூனாவில் அவர் உயிர் நீத்தார்.

விதை முளைத்தது

கோகலே மறைந்து மூன்றாண்டுகள் சென்றபின், 1918ஆம் ஆண்டில், விட்டல்பாய் பட்டேலின் முயற்சியால் பம்பாய் மாகாணத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. நகராண்மைக் கழகங்கள் தம் எல்லைக்குள் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க அச்சட்டம் அதிகாரம் அளித்தது. எந்த வழியைக் கோகலே காட்டினாரோ அந்த வழியே அது சென்றது. பஞ்சாப், வங்காளம், ஐக்கிய மாகாணம் முதலியவை 1919ஆம் ஆண்டிலும், சென்னை மாகாணம் 1920ஆம் ஆண்டிலும் தத்தமக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டன. எட்டாண்டுகளுக்குமுன் பேரரசுச் சட்டமன்றம் தள்ளியதை மாகாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றன. எனினும், போதிய பொருள் இன்மையால் கட்டாயக் கல்வி சில இடங்களிலேயே நடைமுறைக்கு வந்தது.

1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயலுதல் வேண்டும் என்று வழிகாட்டியது. குறித்த காலத்தில் அக்குறிக்கோள் நிறைவேறவில்லை. 2002ஆம் ஆண்டில் அரசியலமைப்பு திருத்தப்பெற்று, கல்வி அடிப்படை உரிமைகளுள் ஒன்றாயிற்று. அதற்கேற்ப 2009ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இரு சட்டங்களுக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. கோகலேயின் முன்வரைவில் கட்டாயம் என்பது பெற்றோரை நோக்கியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டத்திற்கு உரியவராவர். 2009ஆம் ஆண்டுச் சட்டத்திலோ கட்டாயம் என்பது முதன்மையாக அரசை நோக்கியது. பிள்ளைகள் வாழும் இடத்திற்கு அருகிலேயே பள்ளி அமைத்து, அவர்களைச் சேர்த்து, தொடக்கக் கல்வியை முடிக்கச் செய்தல் அரசின் கடமையாகும். ஊராட்சி, நகராட்சி முதலிய தல ஆட்சி மன்றங்களுக்கும் அச்சட்டம் கடமைகளை வகுத்துள்ளது. சிறுவர் சிறுமியர் என்னும் வேறுபாடும் அதில் இல்லை. கோகலே திறக்க முயன்ற சிறு கதவு, பின்வந்தோரால் அகலத் திறக்கப்பட்டது.

அண்ணன் அனுப்பிய 8 ரூபாயைக் கொண்டு கற்ற சிறுவர், நாட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் பொதுப் பணத்திலிருந்து கல்வி வழங்குதல் வேண்டும் என்று அவையேறி வாதாடினார். அன்று 38 வாக்குகள் அவரைத் தோற்கடித்தன. ஆனால், உண்மையை ஆராய்ந்து அறிந்து, பண்பு தவறாத மொழியில் எடுத்துரைத்து, விளைவு கருதாது உழைத்த அவர்தம் தொண்டு தோற்கவில்லை. நல்ல விதை மண்ணில் மறைந்து கிடப்பினும் உரிய காலத்தில் முளைத்தே தீரும். அவ்விதையின் நிழலில் அமர்ந்து கல்வி பயிலும் இளைஞர், கற்கும் ஒவ்வொரு நாளையும் பயனுள்ளதாக ஆக்குதலே அப்பெரியார்க்குச் செலுத்தும் நன்றியாகும்.